நீல விளக்கு

மேஜைமேல் புது பிரிண்டர் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறது. வைஃபையோடு சேர்ந்தபாடில்லை; நெற்றியில் நீல விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. மாடி வீட்டுத் தையல்காரி, வெயில் விழும் தரையில் நூல் துணுக்குகளுக்கு நடுவே சம்மணமிட்டு, மடியில் லேப்டாப்பும் உதட்டோரம் குண்டூசியுமாக அதோடு மல்லுக்கு நிற்கிறாள். திரையில் தெரியும் ஒரே பிரிண்டரைத் தொட்டு, சோதித்துப் பார்க்க ஒரு வரி அனுப்புகிறாள்: 'என்னோட பேசமாட்டியா?' பதில் இல்லை. 'நான் என்ன பண்ணேன் உன்னை?' அதற்கும் கல்லுளிமங்கன் மாதிரி மௌனம். 'சரி தாயே, தப்பு என் மேலதான். கால்ல விழறேன்.' நீல விளக்கு அசராமல் சிமிட்டுகிறது. அப்போது படியில் செருப்புச் சத்தம். கீழ் வீட்டு அக்கா. தொலைந்துபோன ஒரு குடைக்காக, ஒரே வைஃபையில் இருந்துகொண்டே ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத அக்கா. கையில் சூடு ஆறாத மூன்று தாள்கள்.

"என் பிரிண்டர்ல வந்துச்சுடி" என்று தாள்களை நீட்டுகிறாள். "கால்லல்லாம் விழ வேணாம். ஒரு குடையத் தொலைச்சதுக்கா இப்படி உருகுவ?"

தான் தொட்டது எந்த பிரிண்டர் என்று தையல்காரிக்கு இப்போதுதான் உறைக்கிறது. குண்டூசியை எடுத்துவிட்டு வாயைத் திறக்கிறாள். அக்காவின் கலங்கிய கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொள்கிறாள்.

"நேர்ல மன்னிப்பு கேக்க வெக்கமா இருந்துச்சுக்கா" என்றபடி எழுந்து, பாதி தைத்த கவுனை எடுத்து நீல விளக்கின்மேல் மெல்லப் போர்த்திவிடுகிறாள்.