அவள் பெயரில்

"இங்கேம்மா," என்று விரலால் தட்டிக் காட்டினார் வங்கி அதிகாரி பெனாசிர்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திப் போட்டாள். பயமில்லை. சந்தோஷம்தான்.

வங்கிக்குள் மூச்சு விட இடமில்லை. திங்கட்கிழமை முதல், பத்து லட்சத்துக்கு மேல் போட்டு வைத்திருப்பவர்களின் டெபாசிட்டுக்கு வரி. பத்தில் ஒரு பங்கு போய்விடும். நொடித்துப்போன வங்கிகளைத் தூக்கி நிறுத்த அரசாங்கத்துக்குப் பணம் வேண்டுமாம். ரொக்கமாக எடுக்கத் தடை. இன்னொருவர் பெயருக்கு மாற்றத் தடையில்லை. அவசரத்தில் மறந்துவிட்டார்கள்.

கார்டு வைத்திருந்தவர்கள் தேய்த்துத் தள்ளினார்கள். எதிர்க் கடையில் காலையிலேயே ஃப்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது. ஒருவர் மூன்று வாஷிங் மெஷின் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான்.

மற்றவர்கள் சொந்தக்காரர்களைத் தேடி அலைந்தார்கள். வருடக்கணக்காகப் பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.

பெயின்ட் கடை வைத்திருக்கும் அவள் கணவனும் ராத்திரியெல்லாம் யோசித்தான். தம்பி பெயரில் போட்டால் பணம் திரும்பாது. மச்சான் பெயரில் போட்டால் மச்சானே திரும்ப மாட்டான்.

மிச்சமிருந்தது பெண்டாட்டி.

புதுக் கணக்கு. புதுப் பாஸ்புக். அவனிடம் இருந்ததில் பாதி இப்போது அவள் பெயரில்.

ஒன்பது லட்சம்.

அவ்வளவு இருந்ததே அவளுக்குத் தெரியாது.

நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. அங்கே பல் இல்லை. உறை போட ஆறாயிரம் ஆகும் என்றார் டாக்டர். கையில் காசில்லை, பிடுங்கிவிடு என்றவன் இதோ பக்கத்தில் நிற்கிறான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

கோபம் வந்தது. அதை முந்திக்கொண்டு இன்னொன்று வந்தது.

ஒன்பது லட்சம்! என் பெயரில்!

"இனி உங்க கையெழுத்து இல்லாம ஒத்த ரூபா நகராதும்மா," என்று பாஸ்புக்கை நீட்டினார் பெனாசிர்.

தன் பெயரை இரண்டு தடவை படித்தாள். கீழே இருந்த தொகையையும் இரண்டு தடவை படித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அப்போது வாசலில் கூச்சல்.

"வாபஸ்! வரி வாபஸ்!"

வங்கியே எழுந்து ஆடியது. யாரோ விசில் அடித்தார்கள். ஒருவர் காவலாளியைக் கட்டிப்பிடித்தார். ஒரே பைக்கில் வந்த அண்ணனும் தம்பியும் அதற்குள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கணவன் ஒரே பாய்ச்சலில் போய் ஒரு படிவம் எடுத்து வந்தான். பரபரவென்று நிரப்பினான். முகமெல்லாம் பல்.

"இந்தா, கையெழுத்தப் போடு. என் கணக்குக்கே மாத்திரலாம்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். தொகை எழுதும் கட்டத்தில் ஒன்பது லட்சம் என்று முழுசாக எழுதியிருந்தான்.

"இவ்வளவும் எதுக்குங்க?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கேட்ட பிறகுதான், கல்யாணம் ஆனதிலிருந்து அவன் கேட்டு வந்த கேள்வி அது என்று அவளுக்கே உறைத்தது. அப்படிக் கேட்பது நன்றாகத்தான் இருந்தது.

அவன் அதிகாரியைப் பார்த்தான். பெனாசிர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கடைக்கு பெயின்ட் எடுக்கணும்..."

"போன மாசந்தானே எடுத்தீங்க?"