வரப்பின் இரண்டு பக்கம்

"யார் வீட்டுப் பிள்ளையோ தெரியலை, இன்னிக்கும் என் நடவுல விழுந்து மிதிச்சிருக்கு!"

வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று குஞ்சிதபாதம் கத்தினார். யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

இளையபெருமாள் தன் எருமையைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"கேட்டியா? நாலு விரக்கடை வரப்புல நாலு வயசுப் பிள்ளை எப்படி நடக்கும்? அண்டை வெட்டுற சாக்குல வருஷா வருஷம் வரப்பைச் சீவித் தன் வயலோட சேத்துக்கிட்ட ஆளு பேசுற பேச்சைப் பாரு!"

வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று எட்டு வருஷம். பேச வேண்டியதை எல்லாம் மாட்டிடமும் காக்கையிடமும்தான் பேசுவார்கள்.

பேத்தி செம்மொழி சேற்றுப் பாவாடையோடு விசும்பினாள். "நான் வேணும்னு விழலை தாத்தா."

"நீ ஏன் விழறே? அவன்ல விழ வைக்கிறான்!"

பாலவாடிக்கு அந்த வரப்பை விட்டால் வேறு வழி இல்லை.

சாயங்காலம் மருமகள் செவ்வந்தி அலுத்துக்கொண்டாள். "வர்றப்பவும் விழுந்திருக்கா மாமா. மாத்துப் பாவாடையும் போச்சு."

"நம்ம வயல்லதானே விழுந்தா? விடு. அதைக் கேக்க ஒருத்தனுக்கும் உரிமை இல்லை."

மறுநாள் குஞ்சிதபாதம் பாலவாடியிலிருந்து வெளியே வருவதை இளையபெருமாள் பார்த்துவிட்டார். போச்சு, பிள்ளை மேலயே புகார் சொல்லிட்டான்!

நினைத்தது போலவே, பாலவாடி டீச்சரிடமிருந்து சேதியோடு வந்தாள் செவ்வந்தி.

"பாப்பாவுக்குக் கண்ணு காட்டணுமாம் மாமா. தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

"கண்ணா? தரையில எறும்பு ஊர்றதைப் பாத்துச் சொல்ற பிள்ளைக்கா? வரப்பைத் திருடினவனை விட்டுட்டு, பொம்பளைப் பிள்ளைக்குக் குருடுன்னு பட்டம் கட்டுறாங்களா? நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?"

"நாலு வயசுல என்ன கல்யாணம்? பஸ் போயிடும், வாங்க மாமா."

"வர்றேன். கண்ணு நல்லா இருக்குன்னு எழுதி வாங்கி அவன் மூஞ்சியில வீசத்தான் வர்றேன்!"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா செம்மொழியின் ஒரு கண்ணை மூடிப் படம் காட்டினார். பூனை, குடை, வீடு என்று மடமடவென்று சொன்னாள். இளையபெருமாள் மருமகளை ஒரு பார்வை பார்த்தார்.

மற்ற கண்ணை மூடியதும் செம்மொழி டாக்டரின் கையைத் தட்டிவிட்டாள். "எடுங்க! தெரியலை!" என்று அழுதாள்.

"கண்ணை மூடினா எப்படிம்மா தெரியும்?" என்று எகிறினார் இளையபெருமாள்.

"மூடினது இடது கண்ணை, பெரியவரே. வலது கண்ணு திறந்துதான் இருக்கு."

இளையபெருமாள் குனிந்து பேத்தியின் வலது கண்ணைப் பார்த்தார்.

"ஒரு கண்ணே ரெண்டுக்கும் சேத்து வேலை செய்யும். வீட்டுல கண்டுபிடிக்கிறது கஷ்டம். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை தினம் கொஞ்ச நேரம் மூடி வச்சா இந்தக் கண்ணும் பழகிடும். இந்த வயசுல வந்ததால நல்லதாப் போச்சு. வருஷக்கணக்கா விட்டிருந்தா சரி பண்றது சிரமம். யார் கவனிச்சது?"

"பாலவாடி டீச்சருங்க" என்றார் இளையபெருமாள். குரல் இறங்கிவிட்டது.

ஊருக்கு வந்ததும் ஒரு சீப்பு பூவம்பழத்தோடு அருள்செல்வி டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். அந்தக் குஞ்சிதபாதம் வந்து என்ன புகார் சொன்னானோ, அதையெல்லாம் காதுல வாங்காம எங்க பிள்ளையைக் காப்பாத்திட்டீங்க."

டீச்சர் பழத்தை அவர் பக்கமே நகர்த்தினார்.

"இதை அவருகிட்டயே குடுங்கய்யா. தன் பேரைச் சொன்னா நீங்க ஆஸ்பத்திரிக்கே போக மாட்டீங்கன்னு என் வாயைக் கட்டிப்போட்டிருந்தாரு. 'போறப்ப என் வயல்ல விழுது, வர்றப்ப அவர் வயல்ல விழுது. ரெண்டு வேளையும் பிள்ளைக்கு வலக்கைப் பக்கம்தான். கோளாறு வரப்புல இல்லை டீச்சர், சீக்கிரம் கண்ணைப் பாக்கச் சொல்லுங்க'ன்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தாரு."