கோணல் விரல்

ஒரு கம்பெனி தன் பழைய காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்திருந்தது. மாத்திரை பாட்டில் மூடி ஒன்றுக்கான காப்புரிமை. அந்த மூடியைத் தயாரித்து விற்க ஒரு நிறுவனத்தைப் பிடிப்பதுதான் மாணவி பிரிட்டாவுக்குப் பயிற்சி. மூடியைக் கண்டுபிடித்த வேர்ன் உதவிக்கு வந்திருந்தார்.

“சார், காப்புரிமைப் படத்துல மூடியைத் திறக்கிற கையைப் பாருங்க. விரலெல்லாம் ஒரே கோணல்! வரைஞ்சவருக்குக் கையே வரைய வரல போல. நாளைக்குத் தயாரிப்பு நிறுவனத்துக்காரங்க பார்க்க வர்றாங்களேன்னு, நகல்ல விரலை நேரா வரைஞ்சுட்டேன்.”

வேர்ன் பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை வருஷமாச்சு இந்தக் கையைப் பார்த்து!”

“யார் சார் வரைஞ்சது?”

“நான்தாம்மா. ‘சீக்கிரம் முடிங்க, அடுப்புல கேக் கருகுது’ன்னு லொரெட்டா கத்திட்டே கையைக் காட்டினா.”

“உங்க மனைவியா? அப்ப விரல்...”

“முடக்குவாதம். அவ விரலால திறக்கிற மாதிரி பாட்டில் ஒண்ணுகூடக் கடையில கிடைக்கல. அதான் இந்த மூடி.”

பிரிட்டா, தான் வரைந்த நேரான விரல்களை அழித்தாள்.