மொட்டைமாடி வத்தல்

முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. சீனியம்மாள் அக்காவுக்கு நான் தர வேண்டிய வட்டிக்கடன் அது. அதைக் கேட்டு, நான் எடுபிடி வேலை பார்க்கும் தல்லாகுளத்துக் காலேஜ் சார் வீட்டுக்கே வந்துவிட்டது அக்கா.

மொட்டைமாடியில், சார் கலக்கிக் கொடுத்த மரவள்ளி மாவுக்கூழை ஊற்றிக் காயவைத்திருந்தேன்.

"இம்புட்டு வத்தல் காயுது, எனக்குக் குடுக்கத்தான் காசில்லையாக்கும்?"

"ஐயோ அக்கா, அது சாரோடது! தொடாதீங்க!"

"கடனுக்கு இது ஈடுடா" என்று அக்கா முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

என் வேலை போனதென்றே நினைத்தேன். மறுநாள் சார் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்து, அள்ளியதை அவர் முன்னால் எறிந்தது.

"வத்தலாய்யா இது? மடிச்சா ஒடைய மாட்டேங்குது, கடிச்சு இழுத்தா ரப்பராட்டம் நீளுது! கடவாப்பல்லே ஆடிப்போச்சு!"

சார் துள்ளி எழுந்தார். "உடையலையா? இன்னொரு தடவை சொல்லுங்கம்மா! மண்ணுல மக்குற பிளாஸ்டிக் செய்ய ஒரு வருஷமாப் போராடுறேன். எல்லாம் அப்பளமா நொறுங்குச்சு. இந்தத் தடவை கிளிசரின் கூட்டிக் கலந்தேன், வளைஞ்சிருச்சே!"

அந்தச் சந்தோஷத்தில் என் கடன் மொத்தத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

அக்கா பணத்தை வாங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "அப்ப, நான் முழுங்குன துண்டு?"

"பயப்படாதீங்கக்கா, மக்கிரும்" என்று பணத்தை அதன் கையில் திணித்தேன்.