வெளிச்சம் பத்தல

“வெளிச்சம் பத்தல. அவ்வளவுதான்.”

மழைக்கோட்டை உதறியபடி மாமனார் சொன்னதும், சுரங்க அலுவலகத்தில் இருந்த மற்ற லாரி டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மருமகளுக்குச் சுருக்கென்றது.

திறந்தவெளிச் சுரங்கத்துக்கு இரவு விளக்குகளைத் திட்டமிட்டு அமைப்பது அவள் வேலை. மழைக்காலம் வந்ததும் அது படுத்திய பாடு கொஞ்சமா! உயரக் கம்பத்து வெளிச்சம் ஈரப் பாதையில் பட்டு டிரைவர்களின் கண்ணில் அடித்தது. கம்பத்தைத் தணித்தால் தேங்கிய தண்ணீர் பளபளத்தது. வெள்ளை விளக்கோ சாரலில் வெறும் பால் திரையாக நின்றது.

கடைசியில் மஞ்சள் விளக்குகளைப் பாதையோரம் தாழ வைத்து, மேலே மூடி போட்டாள். விளக்கு கண்ணில் படாது, பாதை மட்டும் தெரியும். எல்லா டிரைவர்களும் பிரமாதம் என்றார்கள், ஒருவரைத் தவிர.

அவர்தான் சீனியர். அவர் தலையாட்டாமல் மேனேஜர் அனுமதி தரமாட்டார்.

“வீட்டுல உப்பு பத்தல, இங்க வெளிச்சம் பத்தல. நான் எது செஞ்சாலும் உங்கப்பாவுக்குக் குத்தம்தான்!” என்று கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

“காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்ல? அந்தக் கோபம் இன்னும் போகல போல” என்று அவன் நழுவினான்.

அன்று இருட்டியதும், ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பே மாமனாரைக் கையோடு அழைத்துப் போனாள். தூறிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருந்த தன் லாரியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே அவர் நடந்து வந்தார். வண்டிமேல் இருக்கிற பாசத்தில் கால்வாசி என்மேல் இருந்தால் என்னவாம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

சரிவின் முனைக்கு வந்ததும், தூரத்தில் நின்ற எலக்ட்ரீஷியனுக்குக் கையசைத்தாள்.

சரிவு முழுக்க மஞ்சள் ஒளி பரவியது. ஈர மண்ணில் டயர்த் தடம், ஓரத்து மண்கரை, அதற்கு அப்பால் வாய் பிளந்த பள்ளம், எல்லாமே துல்லியமாகத் தெரிந்தன. இதற்குமேல் யாராலும் செய்ய முடியாது.

“இப்பவாவது மனசாட்சியோட சொல்லுங்க மாமா. இதுல என்ன குறை?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. பள்ளத்தின் பக்கமே முகம் வைத்துக் காத்திருந்தார். குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை.

“முதல்ல லைட்டைப் போடச் சொல்லும்மா. பாத்துட்டுச் சொல்றேன்.”