தொங்கட்டான்

"என்ன பண்றே அங்க?"

சூப்பர்வைசர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகள் தரையில் குப்புறப் படுத்து, முயலை இரண்டு கையாலும் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கை சட்டென்று பின்னுக்கு வந்தது.

"ஒண்ணுமில்லப்பா."

"நான் வர்ற நேரம் பார்த்துத் தினமும் அதைத் துரத்திக்கிட்டே இருக்கே. அது என்ன பந்தா?"

மகள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். ஆனால் முயல் ஓடவில்லை. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் மூலைக்கு மூலை பாய்ந்திருக்கும். இன்று முதுகைக் கூனிக்கொண்டு, தொங்கும் காது இரண்டும் தரையில் புரள, விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

கூண்டைப் பார்த்தார். காலையில் வைத்துவிட்டுப் போன புல் வைத்தபடியே கிடந்தது. தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

வாங்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார்: "நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தாப் பரவாயில்ல சார். முயல் அரை நாள் சாப்பிடலைன்னா குடல் நின்னுடும். அப்புறம் பிழைக்கிறது கஷ்டம்."

"ஏன் எனக்குப் போன் பண்ணல?" என்றார் மனைவியிடம்.

"மத்தியானத்துக்கு மேல சாப்பிட்டுடும்னு நெனச்சேங்க..."

"நெனச்சியா! கூடையை எடு."

காரில் ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டார். "மூச்சு இருக்கா பாரு."

"இருக்குங்க."

"கையை வச்சுப் பாரு."

'செத்துடாதேடா, செத்துடாதேடா' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் உதவியாளர் கேட்டார். "பேரு?"

"தொங்கட்டான்."

"நோயாளி பேரைக் கேட்டேன் சார்."

"முயல் பேருதாங்க அது!"

உதவியாளர் எட்டிப் பார்த்தார். "பொருத்தமாத்தான் இருக்கு. பொண்ணா?"

"ஆண்."

"அப்ப கடுக்கன்னு வச்சிருக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காதில் குழாயை மாட்டி வெகுநேரம் கேட்டார். ஊசி போட்டார். கஞ்சி மாதிரி எதையோ கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"குடல் அசையவே மாட்டேங்குது. புழுக்கை போட்டாத்தான் உயிர் தங்கும். காத்திருக்கணும். எதையாவது பார்த்துப் பயந்துச்சா? பயத்துலயும் இப்படி ஆகும்."

"இவதான் காரணம்." சூப்பர்வைசர் மகளைக் காட்டினார். "சாயந்திரம் ஆனா விரட்டுறதே வேலை. அதனாலதான் இவ தூக்கினா உதைக்குது, பிராண்டுது. கையைப் பாருங்க, எத்தனை கீறல்! ஆனா என்கிட்ட எப்படி இருக்கும் தெரியுமா?"

டாக்டரம்மா தடுப்பதற்குள் முயலைத் தூக்கி மல்லாக்கத் திருப்பி, முழங்கை மடிப்பில் கிடத்திக்கொண்டார். நாலு காலும் மேலே நிற்க, கண் திறந்தபடி, அது மரக்கட்டை போலக் கிடந்தது.

"பார்த்தீங்களா? தினமும் கொஞ்ச நேரம் இப்படிப் போட்டுக் கொஞ்சுவேன். சொக்கிப்போய்க் கிடக்கும்."

டாக்டரம்மா பதறாமல் இரு கையாலும் அதை வாங்கி, நேராகத் திருப்பி மேஜையில் விட்டார்.

"இனிமே இப்படிச் செய்யாதீங்க சார். இது சொக்கல் இல்ல."

"பின்னே?"

"பருந்து பிடியில சிக்கினா முயல் இப்படித்தான் கிடக்கும். தப்பிக்க வழியே இல்லைன்னு தெரிஞ்சா, செத்த மாதிரி ஆயிடும். இதயத்தைக் கேட்டுப் பாருங்க, எப்படி அடிச்சுக்குதுன்னு."

"அப்ப இவளை உதைக்குதே?"

"உதைச்சா விட்டுடுவான்னு நம்பிக்கை இருக்கு. அதான் உதைக்குது."

சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆசை ஆசையாகத் தூக்கிய கை. அந்தக் கையே அதன் உயிரை எடுத்துவிடுமோ?

முயலைத் திரும்பக் கூடைக்குள் விட்ட பிறகும் அசைவில்லை. மனைவி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். தொடப் பயமாக இருந்தது.

திடீரென்று மகள் துள்ளினாள். "போட்டுடுச்சு! டாக்டர், புழுக்கை போட்டுடுச்சு!"

டாக்டரம்மா குனிந்து பார்த்துச் சிரித்தார். "பிழைச்சுட்டான் தொங்கட்டான். பாப்பா, நீயும் இனிமே அதைத் துரத்தக் கூடாது. சரியா?"

"அப்பா தூக்கலைன்னா நான் ஏன் டாக்டர் துரத்தப் போறேன்?" சந்தோஷத்தில் மகள் மூச்சுவிடாமல் பேசினாள். "அப்பா கார் சத்தம் கேட்டா உடனே கட்டிலுக்கு அடியில விரட்டிடுவேன். அங்க அப்பா கை எட்டாது. அம்மாகூட ஓரத்துல பெட்டியை நகர்த்தி வச்சு மறைப்பாங்க..."

பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் எழுந்தார். மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அது பயப்படுதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இத்தனை நாளா ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

இந்த முறை குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

அம்மாவும் மகளும் கண்ணைக்கூட இமைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் வேறு பக்கம் திரும்பும்வரை அசையாமல் நின்றார்கள்.