பேட்டரி கழற்றாத போன்

ரந்தாவ் டவுனில் ஃபிரோஸ் கடையில் பழைய கைப்பேசி உடைக்கிறேன். முதலில் பேட்டரியைக் கழற்றணும், அதுதான் சட்டம். மூன்று மாதத்துக்கு முன் என் பெண்சாதி குமுதவல்லியைப் புதைத்தபோது அவளுடைய பட்டன் போனைப் பெட்டிக்குள் வைத்தேன். பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டேன். துக்கம் கேட்கிற எவனையும் நான் நம்புகிறதில்லை. எவனும் கூப்பிட முடியாதபடி அன்றைக்கே என் போனை அடைத்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை வந்த மூட்டையில் அவள் போன் கிடந்தது. பின்மூடியில் அவள் ஒட்டிய வேல் படம். சார்ஜ் ஓட்டையில் ஈரச் செம்மண். எஸ்டேட் இடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குழிமேல் புல்கூடக் கலையவில்லை.

அதை உடைத்து வாளியில் போட்டேன். லாரி ஏற்றிப் போனது. இந்தத் திங்கள் முழுசாகத் திரும்பி வந்தது.

"என்னாண்ணே, பொண்டாட்டியப் பாத்தாப்ல முழிக்கிறீங்க?" என்றான் ஃபிரோஸ்.

"உன் வேலையப் பாருலா," என்றேன்.

அவள் போனின் பட்டனை அமுக்கினேன், வெளிச்சம் வந்தது. என் நம்பருக்குப் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறது. முதல் தடவை, புதைத்த அன்று சாயங்காலம். கடைசித் தடவை, இன்று காலை.

அன்றிலிருந்து அடைத்தே கிடந்த என் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். திறக்கவில்லை. முதலில் பேட்டரியைக் கழற்றினேன்.